நடுங்காத கை

விவேக் நகரில் நான் போகும் ஜிம்மில் எல்லோரும் கண்ணாடியில் புஜத்தைப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் கையை நீட்டி, விரல் நடுங்குகிறதா என்று பார்ப்பார். அடர்ந்த மீசை, ஆளை மறைக்கும் தோள், பேச்சு மட்டும் மெதுவாக வரும்.

பயிற்சிக்கு முன்னால் நாங்கள் இருவரும் பவுடர் கலக்கிக் குடிப்போம். என்னுடையதில் கஃபீன் உண்டு; நெஞ்சு படபடக்கும். அவருடையதில் கிடையாது.

"என்னோடதப் போட்டுப் பாருங்கண்ணா, ஜிவ்வுனு ஏறும்" என்றேன்.

"வேணாம்பா, கை நடுங்கும். எனக்கு நரம்பு புடைக்கிற பம்ப் மட்டும் போதும். பெரிய வெள்ளிக்கு சர்ச் நாடகத்துல ஏசுவைச் சாட்டையால அடிக்கிற சிப்பாய் நான்தான். புடைச்ச கையைப் பார்த்து ஜனங்க பயப்படணும். ஆனா சாட்டை ஒரு சாண் தள்ளித்தான் விழணும். ஏசுவா நடிக்கறது என் தங்கச்சி புருஷன். மேல பட்டுச்சுன்னா ஈஸ்டர் பிரியாணி கட்."

நாடகத்துக்குப் போனேன். மேடைக்குப் பின்னால் தண்டால் எடுத்துவிட்டு வந்திருப்பார் போல. கையில் நரம்பெல்லாம் புடைத்திருந்தது. சாட்டை விழுந்து பலகை அதிர, மச்சான் அலறினார். ஒவ்வொரு அடியும் ஒரு சாண் தள்ளியே விழுந்தது.

என் பக்கத்திலிருந்த அம்மா அழுதுகொண்டே கத்தினார்: "பாவி, உன் கை விளங்காமப் போக!"

எனக்குத் திக்கென்றது. ஏசுவிடம் எப்படி வேண்டுவது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த முருகனிடமே அந்தக் கையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.