கண்ணை மறைத்து நான் ஓட்டிய படகு

சபையாரே, உங்கள் முன்னால் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் சாலமோன். கோட்டைக்குப்பத்தில் படகு ஓட்டியவன். சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. கண்ணாடியின் பவர் மைனஸ் பதினாறு. போன வருஷம் ஆவணியில், எங்கள் ஊர் ஏரியில் நட்டிருந்த வலைக்கம்புகள் வளைந்து தெரிய ஆரம்பித்தன. பார்க்கிற இடத்தின் நடுவில் ஒரு கறை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் படகை விட வேண்டுமே. "நீரே சரிசெய்யும் ஆண்டவரே" என்று ஜெபித்துவிட்டுத் தினமும் ஓட்டினேன்.

பங்குனியில் ஒரு காலை, முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்க் கன்னியம்மாள்மேல் படகை ஏற்றிவிட்டேன். அவள் அந்தக் கறைக்குள் இருந்தாள். தோள் எலும்பு உடைந்து மயங்கிவிட்டாள். ஆஸ்பத்திரி போகும்வரை அவள் உயிருக்காக அழுது ஜெபித்தேன். பிழைத்தாள். அப்போதும் பொய்தான் சொன்னேன். வெயில் கூசியது என்றேன்.

அவள் புருஷன் ஏகாம்பரம் அதை நம்பினான். "உன் கண்ண ஒருதபா காட்டிடலாம்ணா, நானே கூட வரேன்" என்று சென்னைக்கு அழைத்துப்போனான். அந்த அன்பைத் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் கண்ணை மூடி, "உண்மையைச் சொல்லப் பெலன் தாரும்" என்று கேட்டேன்.

கண் ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விட்டு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைக் காட்டினார். "உங்க கண்ணு பின்பக்கமா நீண்டுபோயிருக்கு. அதுல விழித்திரை இழுபட்டு மெலிஞ்சிடுச்சு. வலது கண்ல ரத்தக்குழாய் கசிஞ்சு தழும்பே ஆயிடுச்சு. இடதுல இப்பதான் கசியுது. இந்தத் தழும்பு பல மாசத்துது. கோடெல்லாம் வளைஞ்சு தெரிஞ்சிருக்குமே?"

ஏகாம்பரம் என்னைப் பார்த்தான்.

"ஆவணியிலேர்ந்து தெரியுது மேடம். தெரிஞ்சேதான் ஓட்டினேன்."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். இடது கண்ணில் ஊசி போட்டு அதை மூடிக் கட்டினார்கள். தடவித் தடவி வெளியே வந்தேன். ஏகாம்பரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்து என் கையைப் பிடித்துப் பஸ் ஏற்றிக் கூட்டிவந்தான்.

ஊருக்கு வந்து கன்னியம்மாளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "கண்ணு தெரியலன்னு சொல்லிருந்தா உன்ன இன்னா, தொரத்தியா வுட்டிருப்போம்?" என்று கேட்டாள்.

மூன்று ஊசியில் இடது கண்ணின் கசிவு நின்றது. வலது கண் போனது போனதுதான். கன்னியம்மாளின் கை இன்னும் தோளுக்கு மேல் எழுவதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் தலை குனிகிறேன். இப்போது கரையில் வலை சரிபார்க்கிறேன். என் வாயைத் திறந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, நான் ஜெபத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீங்கள் ஒளியாதீர்கள். பார்வை மாறினால் வீட்டில் சொல்லுங்கள். அவரை நம்பி, ஜெபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுங்கள்.