மீன் வயிற்றிலிருந்து பாடியவள்

பதின்மூன்று வயதில் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது அவள் குரல் கீழே இறங்கிப்போயிருந்தது. பள்ளிப் பாடகர் குழுவை நடத்திய டீச்சர் அவளைத் தனியே கூப்பிட்டு, "நீ பாடாதம்மா. வாய மட்டும் அசை, யாருக்கும் தெரியாது" என்றார். அன்றிலிருந்து தேவாலயத்திலும் வாயைத்தான் அசைத்தாள். அப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடியது.

அந்தக் குரல் வயிற்றுப்பாட்டுக்கு உதவியது. தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைப்பது அவள் வேலை. எவ்வளவு இரைச்சலான லைனிலும் அவள் பேச்சு கணீரென்று போய்ச் சேரும். பாதிப் பேர் "சார்" என்பார்கள். மறுத்துச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டாள். கடிகாரம் பழுதுபார்க்கும் கணவருக்கோ அந்தக் குரல் என்றால் உயிர். பாத்திரம் கழுவும்போது அவள் பாடினால் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கேட்பார்.

"இத ஆலயத்துல பாடினா என்ன?"

"உங்க ஒருத்தர் காதுலதான் கோளாறு. ஊருக்கே எதுக்கு?"

அறுபதுகளின் தொடக்கத்தில் ஆலயப் பாடகர் குழுத் தலைவர் புதிதாக ஒரு பாட்டு எழுதினார். வார நாட்களில் அவர் மருந்துக்கடைக்காரர். பைபிளில் பெரிய மீன் விழுங்கிய யோனா அதன் வயிற்றிலிருந்து செய்த ஜெபத்தை நான்கு குரல்களுக்கு இசையமைத்திருந்தார். பழைய பாட்டுகள் போல இதில் குரல்கள் கைகோத்துப் போகவில்லை, ஒன்றையொன்று உரசிக்கொண்டு போயின. "இது பாட்டா, பல்வலியா?" என்று குழுவுக்குள்ளேயே முணுமுணுத்தார்கள். அவர் மசியவில்லை. ஆனால், யோனாவாகப் பாட வேண்டிய தபால் குமாஸ்தாவுக்கு, அரங்கேற்றத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாற்றல் வந்தது. மருந்துக்கடைக்காரருக்குக் கை ஒடிந்ததுபோல் ஆகிவிட்டது.

வெளியூரில் இருந்த இசைக்கார நண்பரிடம் ஆள் கேட்க அவர் தொலைபேசியில் வந்தார். இணைத்தது அவள். லைன் ஒருபக்கம் செத்திருந்தது. நண்பர் பேசுவது இவருக்குக் கேட்டது, இவர் பேசுவது அங்கே போகவில்லை. அவள் பேசினால் மட்டும் போனது. அதனால் இவர் சொல்லச் சொல்ல அவள் எடுத்துச் சொன்னாள்.

"பாட்டு எவ்வளவு கஷ்டம்?" என்று நண்பர் கேட்டார்.

மருந்துக்கடைக்காரர் யோனாவின் முதல் அடியைப் பாடிக் காட்டினார். "இப்படின்னு சொல்லுங்க சார்."

பாட்டை எப்படிச் சொல்வது? ஒரு கணம் தயங்கிவிட்டு, கேட்டதைக் கேட்டபடி பாடினாள். பக்கத்து இருக்கைப் பெண்கள் கையில் பிடித்த வயரோடு திரும்பினார்கள்.

மறுமுனையில் நண்பர், "இப்ப பாடினவர் யாருய்யா? அவர வச்சிக்கிட்டு எங்கிட்ட எதுக்கு ஆள் கேக்கற?" என்றார்.

மறுநாள் மருந்துக்கடைக்காரர் நிலையத்துக்கே வந்துவிட்டார். "நேத்து மூணு மணிக்கு இருந்த சாரப் பாக்கணும்."

"நாந்தான்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஞாயிறுதோறும் ஆலயத்தில் மூன்றாம் வரிசையில் பார்க்கிற முகம். "நீங்க நல்லா வாயத் திறந்து பாடுவீங்களே. ஒருநாள்கூட இந்தக் குரல் கேட்டதில்லையே?"

"திறப்பேன். பாடமாட்டேன்."

காரணத்தைக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது. "அந்த டீச்சர் சொன்னது போதும். இப்ப நான் சொல்றேன், பாடுங்க."

ஆண்களின் மேல்குரலான டெனர் வரிசையில் அவளுக்கு இடம் போட்டார். முதல் ஒத்திகையில் பக்கத்திலிருந்த முடிதிருத்துபவர் கூச்சத்தில் நகர்ந்து நகர்ந்து பெஞ்சின் ஓரத்துக்கே போய்விட்டார். அவள் பாடி முடித்ததும் திரும்பி வந்து, "கொஞ்சம் ஒட்டி உக்காந்துக்கறேன்க்கா. உங்களப் பிடிச்சிக்கிட்டா எனக்கும் சுருதி நிக்குது" என்றார்.

பாட்டு அரங்கேறிய ஞாயிறு ஆலயம் நிரம்பியிருந்தது. ஆழத்திலிருந்து, துணையில்லாமல், அவள் குரல் மட்டும் எழுந்தது. மற்றக் குரல்கள் அலையாக அவள்மேல் புரண்டன. கடைசியில் மீன் யோனாவைக் கரையில் கக்கும் இடத்தில் நாற்பது பேரும் ஒன்றாக வெடித்தபோது முன்வரிசையில் ஒரு குழந்தை கெக்கலித்துச் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பாடினாள். கணவர் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றுவிட்டு, ஆராதனையில் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தார்.

அதற்குப் பிறகு இருபத்தொன்பது வருஷம் டெனர் வரிசை அவளுடையது. மருந்துக்கடைக்காரர் புதிதாக எழுதியதிலெல்லாம் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. பைபிளில் வரும் பிலேயாமின் கதையைப் பாட்டாக எழுதியபோது, அடித்த எஜமானனை எதிர்த்துப் பேசும் கழுதையின் பாட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, கோபித்துக்கொள்வாளோ என்று பயந்துகொண்டிருந்தார்.

தாளைப் படித்து முடித்து நிமிர்ந்தாள். "கழுதைக்கு இன்னும் ரெண்டு பக்கம் சேத்து எழுதுங்களேன். அதுக்கு சொல்ல நிறைய இருக்கு."