பூட்டி வைத்த எண்ணெய்

ராஜாமணி பால்வாடி டீச்சராகச் சிதம்பரம் பக்கத்துக் கிள்ளைக்கு வந்து சேர்ந்தது 1963 ஆனியில். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். பிள்ளை இல்லை. கடலூர் ஓ.டி.யில் அண்ணன் வீட்டு அடுப்படியில் இரண்டு வருஷம் காலம் தள்ளினாள். பாலசேவிகா பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரைக் கொண்டுவந்து காட்டியது அண்ணன்தான். நல்லதுக்குச் சொன்னானா, வீட்டை விட்டுப் போனால் சரி என்று சொன்னானா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பதினோரு மாதம் படித்து சர்டிபிகேட் வாங்கினாள்.

உப்பங்கழி ஓரத்துக் குப்பத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு கரும்பலகை, பூட்டுப் போட்ட ஒரு மர அலமாரி. அதுதான் பால்வாடி. கொட்டகைக்கு ஒரே வாசல், ஜன்னல் கிடையாது. பட்டியலில் முப்பது பிள்ளைகளின் பெயர் இருந்தது. முதல் நாள் வந்தது ஏழு. ஏழும் அழுதன.

அவள் பிள்ளைகளை வெளியே பூவரச மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிக் காட்டினாள். இரண்டு பிள்ளைகள் அழுகையை நிறுத்தின. மறுநாள் தென்னங்கீற்றைக் கிழித்து ஆளுக்கொரு கைக்கடிகாரம் கட்டிவிட்டாள். அப்புறம் பனை ஓலைக் காற்றாடி. கழிக்கரைக் களிமண்ணைப் பிசைந்து உருண்டை உருண்டையாகக் கொடுத்தாள். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, மஞ்சள் கரைத்த தண்ணீரில் தோய்த்து, பழைய பேப்பரில் குத்தினால் பூப்பூவாக விழுந்தது. பிள்ளைகள் பேப்பரில் குத்தினார்கள், கொட்டகைத் தூணில் குத்தினார்கள், டீச்சரின் வெள்ளைப் புடவையிலும் குத்தினார்கள். அவள் அந்தக் கறையைத் துவைக்காமல் இரண்டு நாள் உடுத்தினாள். ஆடி முடிவதற்குள் இருபத்தெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். புருஷன் போன பிறகு, விடியும்போது எழுந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது அந்த நாட்களில்தான்.

இந்தச் சந்தோஷத்துக்கு ஒரே இடைஞ்சல் சுறா எண்ணெய். யூனியன் ஆபீஸிலிருந்து பால் பவுடரோடு பாட்டில் பாட்டிலாக அதுவும் வரும். தினம் ஆளுக்கொரு ஸ்பூன் ஊற்ற வேண்டும். மீன் வாடையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த எண்ணெய் மட்டும் ஆகவில்லை. துப்பினார்கள், வாந்தி எடுத்தார்கள், ஸ்பூனைக் கண்டதும் கழிப் பக்கம் ஓடினார்கள். நாளெல்லாம் பிள்ளை வாய் நாறுகிறது, சோறு இறங்க மாட்டேனென்கிறது என்று தாய்மார்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வருகை பத்தொன்பதுக்கு இறங்கியது. ராஜாமணி ஒரு வாரம் யோசித்தாள். பிறகு பாட்டில்களை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ரிஜிஸ்தரில் மட்டும் 'கொடுக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். தான் செய்தது தப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைகள் பயமில்லாமல் வந்து விளையாடினால் போதாதா?

தில்லையம்மாள் அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒருத்தி. எல்லாருக்கும் அவள் தில்லை. அப்பன் அய்யனார் படகு தள்ளுகிறவன். அம்மா சின்னம்மாள் கழியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பவள். தில்லைக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. மண் பிசைவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மற்ற பிள்ளைகள் உருட்டிய லட்டையே திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருக்க, அவள் இறால் செய்தாள். வளைந்த முதுகும், மீசைக்கு இரண்டு ஈர்க்குச்சியுமாக அச்சு அசல் இறால். ராஜாமணி அதைக் காயவைத்து அலமாரியின் மேல் வைத்தாள்.

மறு வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மரத்தடி சேறாகிவிட்டதால் விளையாட்டெல்லாம் கொட்டகைக்குள்தான். ராஜாமணி புளியங்கொட்டைகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சாயம் ஏற்றி, நிறம் பார்த்து மூன்று கொட்டாங்கச்சிகளில் பிரித்துப் போடச் சொன்னாள். மூன்றரை வயது வாண்டுகள்கூடச் சரியாகப் போட்டன. தில்லை எல்லாவற்றையும் ஒரே கொட்டாங்கச்சியில் போட்டாள். எழுந்து நடந்தால் யார் காலிலாவது இடறினாள், யாராவது செய்து வைத்த மண் வீட்டை மிதித்தாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று பிள்ளைகள் அவளை அடிக்கப் போனார்கள். பிடிவாதம் ஜாஸ்தியாகிவிட்டது என்று ராஜாமணியும் நினைத்தாள். ஒருநாள் அவளைத் தனியாக மூலையில் உட்காரவைத்தாள்.

மூலையிலிருந்து தில்லை சொன்னாள்: "டீச்சரு, விளக்கு ஏத்து."

"பட்டப்பகல்ல என்னாத்துக்குடி விளக்கு?" என்றாள் ராஜாமணி.

பிள்ளைகள் சிரித்தார்கள். ராஜாமணியும் சிரித்தாள். எல்லாரும் சிரிப்பதைக் கேட்டுத் தில்லையும் சிரித்தாள்.

தை மாதம் குப்பத்தில் மணல்வாரி அம்மை பரவியது. தில்லை வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. வெளி ஆள் போகக் கூடாது. பதினைந்து நாள் ராஜாமணி அவளைப் பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்றிய மூன்றாம் நாள் சின்னம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். தில்லையின் கண்ணில் ஈரத்துணி கட்டியிருந்தது.

"ஆத்தா எறங்கிட்டா, ஆனா கண்ணுல பூ வுழுந்துடிச்சி டீச்சர்" என்றாள் சின்னம்மாள். "தாய்ப்பால் வுட்டுப் பாத்தாச்சி. தொறக்கவே மாட்டேங்குது."

ராஜாமணி துணியை விலக்கினாள். கருவிழி இருந்த இடத்தில் பாலாடை படிந்தது போல வெள்ளையாக இருந்தது. அவள் கொட்டகையை அப்படியே விட்டுவிட்டு, அவர்களோடு ஸ்டேஷனுக்கு ஓடினாள். கடலூருக்குப் போகும் ரயிலில் பிள்ளை சிணுங்கியபோது, பழக்க தோஷத்தில் பேப்பரை மடித்துக் கையில் கொடுத்தாள். தில்லை தடவிப் பார்த்து, "கப்பல்" என்றாள். ராஜாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. சின்னம்மாளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ராஜாமணியிடம் கேட்டார், இந்தப் பிள்ளை மங்கின வெளிச்சத்தில் தடுமாறினாளா என்று. ஆமாம் என்றாள்.

"எத்தன மாசமா?"

"ஐப்பசிலேருந்து."

அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். முதலில் மாலைக்கண்தான். உடம்பில் சத்து இல்லாத நேரத்தில் அம்மை வந்து, மிச்சமிருந்ததையும் துடைத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு கண்ணும் கரைந்துவிட்டன. இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை. இரண்டு மாதம் முன்னால் மீன் எண்ணெய் கொடுத்திருந்தாலே போதும். பிறகு, "பால்வாடிக்கு சுறா எண்ணெய் வருமேம்மா, உங்களுக்கு வரலியா?" என்று கேட்டார்.

ராஜாமணி வாயைத் திறந்தாள். எங்கேயாவது சப்ளை தவறியிருக்கும் என்று அவரே நினைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கிள்ளைக்குத் திரும்பியதும் அவள் தன் பயிற்சி நோட்டை எடுத்துப் புரட்டினாள். மாலைக்கண் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. அவள் கையெழுத்துதான். 'மங்கலான இடத்தில் குழந்தை இடறும், பொருள்களைத் துழாவும்' என்று எழுதி, அடியில் சிவப்பு மையில் கோடும் போட்டிருந்தாள். அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். பதினொரு பாட்டில், மூடி பிரிக்காதது.

மறுநாளிலிருந்து எண்ணெய் ஊற்றினாள். ஓடிய பிள்ளைகளைப் பிடித்து, மூக்கை அழுத்தி, விழுங்கும்வரை விடவில்லை. வராத பிள்ளைகளுக்கு வீடு வீடாகப் போய் ஊற்றினாள். பிள்ளைகள் அவளைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் குப்பத்தில் எந்தப் பிள்ளைக்கும் கண் போகவில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? ஒரு நாள்கூட அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததில்லை.

சின்னம்மாள் வேலைக்குப் போகவேண்டி இருந்தது. சித்திரையில் தில்லையை மறுபடியும் பால்வாடியில் கொண்டுவந்து விட்டாள். மற்ற பிள்ளைகள் அவள் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிவந்தார்கள். மண்ணைக் கையில் கொடுத்ததும் தில்லை இறால் செய்தாள். முன்னைவிட நன்றாகச் செய்தாள். செய்து முடித்து, டீச்சர் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று தெரியாமல் வெறுமனே முன்னால் நீட்டினாள். ராஜாமணியால் அதை வாங்கவும் முடியவில்லை, வாங்காமல் இருக்கவும் முடியவில்லை. அன்றிலிருந்து மண் விளையாட்டைக் குறைத்தாள். காற்றாடி, அச்சு, சாயக்கொட்டை எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து அ, ஆ சொன்னார்கள்.

ஐந்தாறு மாதம் அவள் எதையும் சொல்லவில்லை. ஒருநாள் மதியம் சின்னம்மாள் பூவரச இலையில் பொதிந்த ஒரு கை இறாலைக் கொண்டுவந்து நீட்டினாள். "எங்கூட ஆஸ்பத்திரி வரைக்கும் யாரு வந்தாங்க? நீங்கதான் வந்தீங்க. வாங்கிக்குங்க டீச்சர்" என்றாள்.

ராஜாமணி வாங்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணெயைப் பூட்டி வைத்தது, ரிஜிஸ்தரில் பொய் எழுதியது, விளக்கு ஏற்றச் சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரித்தது எல்லாம்.

சின்னம்மாள் இலைப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "நாத்தம் அடிக்குது, வேணாம்னு நானுந்தான வந்து சொன்னேன்" என்றாள். பிறகு கேட்டாள்: "அப்ப குடுத்திருந்தா எம் புள்ளைக்குக் கண்ணு இருந்திருக்குமா?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ராஜாமணிக்குத் தோன்றியது. அந்தத் தாய்க்காகச் சொல்லலாம்.

"இருந்திருக்கும்."

"எனக்குத் தெரியாது டீச்சர். நீங்க படிச்சவங்க" என்றாள் சின்னம்மாள். குரலை உயர்த்தவில்லை. கொட்டகைக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். தில்லை அதற்குப் பிறகு பால்வாடிக்கு வரவில்லை.

யூனியன் ஆபீஸுக்கு ராஜாமணி தானே எழுதிக் கொடுத்தாள். வந்து விசாரித்தவர் ரிஜிஸ்தரைப் புரட்டிவிட்டு, எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கிறது, எதற்கு வம்பு என்று காகிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். மெட்ராஸ் பக்கத்தில் கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, விண்ணப்பம் வாங்கி நிரப்பி அய்யனாரிடம் கொண்டுபோனாள். அவன் படகை விட்டு இறங்காமலே, பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதாக இல்லை என்று சொன்னான். அடுத்த வருஷமும் கொண்டுபோனாள். அடுத்த வருஷமும் அதே பதில்தான்.

1968-இல் அவளுக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் முன் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போனாள். தில்லைக்கு ஏழு வயது. வாசலில் ஒரு கூடை இறாலை முன்னால் வைத்து, தலையைக் கிள்ளி ஓட்டை உரித்துச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். கை அத்தனை வேகம். காலடிச் சத்தம் கேட்டதும் கை நின்றது.

"யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

உள்ளேயிருந்து சின்னம்மாள் எட்டிப் பார்த்தாள். ராஜாமணியை ஒரு கணம் பார்த்தாள்.

"யாரும் இல்ல. நீ வேலயப் பாரு."

ராஜாமணி நின்றாள். பெயரைச் சொன்னால் பிள்ளைக்கு ஞாபகம் வரலாம். வந்து என்ன ஆகப்போகிறது? சத்தம் கேட்காமல் திரும்பி நடந்து, பத்தரை மணி ரயிலைப் பிடித்தாள்.

சிதம்பரத்தில் அவள் பால்வாடி கேட்கவில்லை. ஆபீஸில் தபால் பிரிக்கும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். மேல வீதிப் பக்கம் ஒரு ஒற்றை அறையில் குடியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் மீரானின் மனைவி ஆசியா உம்மாள் நல்ல மாதிரி. தன் சின்ன மகளை ஒருநாள் கூட்டிவந்து, நீங்கள் பால்வாடியில் இருந்தவராமே, இவளுக்கு ஏதாவது செய்து காட்டுங்களேன், வீட்டில் ஒரே தொல்லை என்றாள். ராஜாமணி பிள்ளையை மடியில் உட்காரவைத்தாள். முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, இமையை விலக்கி இரண்டு கண்ணையும் பார்த்தாள். வாரம் இரண்டு தடவை முருங்கைக்கீரை கொடுக்கச் சொன்னாள். தனக்கு விளையாட்டு ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பிள்ளையை இறக்கிவிட்டாள்.