ஜன்னலில் வைத்த குழாய்

என் அப்பாவைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் கண்டதில்லை. ரயில்வேயில் தந்திக் கம்பி பழுது பார்க்கும் வேலை அவருக்கு. கம்பி அறுந்துவிட்டால் மழையோ வெயிலோ, கம்பத்துக்குக் கம்பம் நடந்து பழுதைக் கண்டுபிடிக்காமல் வீடு திரும்பமாட்டார். அந்தக் குணத்தை வேலைத்தலத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். மனிதர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார்.

கொழும்புக்கு டீச்சர் படிப்புக்குப் போன அக்கா, ஆர்மோனியம் வாசிக்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். மாதா கோயிலில் தாலி கட்டவில்லை. பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்ததோடு சரி. செய்தி வந்த அன்று அப்பா மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"இனி அவ சத்தம் இந்த வீட்டுக்குள்ள கேக்கக் கூடாது."

மாதாவைச் சாட்சி வைத்துச் சொன்ன சொல். ஒரு வருஷம் அப்படியே போயிற்று. அக்காவின் கடிதம் வந்தால் அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய் மெல்ல வாசிக்கச் சொல்வாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்படி வாசித்த கடிதம் ஒன்றில், வருகிற சனிக்கிழமை பின்னேரம் ஆறரை மணிக்குக் கொழும்பு ரேடியோவில் பாடப்போவதாக அக்கா எழுதியிருந்தாள்.

அம்மா அன்றைக்கே தன் தம்பிக்கு ஆள் அனுப்பினாள். மாமா தெல்தெனியப் பக்கத்தில் ஒரு துரைக்குக் கார் ஓட்டினார். துரை புது ரேடியோ வாங்கியபின் பழையது கார் கொட்டகையில் சும்மா கிடந்தது. சனிக்கிழமை மதியம் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மஹய்யாவையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். ஒரு மரப்பெட்டி, பெட்டரிகள், ஊமத்தம் பூ மாதிரி வாய் விரிந்த ஒரு குழாய். சத்தம் அந்தக் குழாய் வழியாகத்தான் வரவேண்டும்.

மாமாவுக்குக் கார் தெரியும், ரேடியோ தெரியாது. குழாயைப் பெட்டியின் தலையில் ஏற்றிவைத்து, கம்பிகளை மாட்டித் திருகினார். மூச்சுப் பேச்சில்லை. தட்டினார், குலுக்கினார். சாய்மனைக் கதிரையில் பத்திரிகைக்குப் பின்னால் இருந்த அப்பா ஒவ்வொரு தட்டுக்கும் ஒருதரம் செருமினார். ஐந்தாவது தட்டில் எழுந்து வந்துவிட்டார்.

"மாப்புள, அது என்னா முரட்டு மாடா? தள்ளு அங்கிட்டு."

எதற்காக வந்த ரேடியோ என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

"ஊகிச்சுப் பாக்குறவன் லைன் வேலைக்கு லாயக்கில்ல. ஒரு முனையில புடிச்சா மறு முனைக்கு நடக்கணும்" என்று மாமாவுக்கு ஒரு பாடம். குழாயின் இரண்டு கம்பிகளையும் டார்ச் பெட்டரியில் தொட்டுப் பார்த்தார். குழாய் 'டிக்' என்றது. அப்படியானால் குழாயில் பழுதில்லை. அடுத்தது பெரிய பெட்டரி. முனைகளில் பூத்திருந்த பச்சையைக் கத்தியால் சுரண்டினார். பெட்டிக்குள் இருந்த மூன்று கண்ணாடி வால்வுகளில் இரண்டு சிவந்தன, ஒன்று இருண்டே கிடந்தது. அதைப் பிடுங்கி, கால்களைக் கொஞ்சம் விரித்துத் திரும்பச் செருகினார். அதுவும் சிவந்தது. குழாய் உயிர் பெற்று, சோளம் பொரிவதுபோல் பொரிந்தது.

மாமா ரேடியோவுக்கு அலை பிடிக்கும் வான்கம்பியை உடுப்புக் காயப்போடும் கொடியில் கட்டியிருந்தார். அது தகரக் கூரையில் உரசிய சத்தம்தான் அந்தப் பொரியல். அப்பா பலா மரத்தில் ஏறிக் கம்பியை உயரத்தில் கட்டிவிட்டு, மரத்தில் இருந்தபடியே கேட்டார்.

"ஆறரைக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

ஆறரை என்று அவருக்கு யார் சொன்னது? அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஆறு மணிக்குக் கொழும்பு கேட்டது. ஆனால் மெல்லிசாக. அப்பா சத்தத்தைக் கூட்டியதும் குழாய் ஊளையிடத் தொடங்கியது. தெருநாய்கள் எல்லாம் பதில் கொடுத்தன. மாமா இது பேய் பிடித்த சாமான் என்று கும்பிட்டுவிட்டார். அப்பா அசையவில்லை. குழாயில் கை வைத்தார், ஊளை தாழ்ந்தது. வால்வின் மேல் துணியைச் சுற்றிப் பிடித்தார், நின்றது.

"குழா அதிருற அதிர்ச்சி பெட்டியில ஏறுது மாப்புள. தன் சத்தத்தத் தானே கேட்டுத்தான் கத்துது."

குழாயைத் தூக்கி, பக்கத்திலிருந்த அலுமாரியின் மேல் வைத்தார். ஊளை சுத்தமாக நின்றுவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். அவரோ இன்னும் நாலு முழக் கம்பி எடுத்து முடிச்சுப் போட்டு, குழாயை ஜன்னல் கட்டையில் வைத்து, அதன் வாயை வெளியே முற்றத்துப் பக்கம் திருப்பினார்.

"இந்தாங்க, உள்ளுக்குத் திருப்பி வைங்களேன்" என்றாள் அம்மா.

"ஊளையிடும். இருக்கட்டும்."

நான் திருப்பக் கை நீட்டினேன். ஒரு பார்வை பார்த்தார். கை தானாக இறங்கிவிட்டது. பிறகு வெளியே போய், ஜன்னலுக்கு நேர் கீழே கிடந்த உரலில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஆறரைக்கு அக்கா பாடினாள். இரண்டாவது பாட்டில் மழை பிடித்தது. அம்மா குடையை எடுத்துக்கொண்டு ஓடி அவர் தலைக்குப் பிடித்தாள்.

"எனக்கு வேணாம். குழாய்க்குப் புடி."

நான் வெளியே போகவேயில்லை. மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து, ஆத்திரத்தில் அழுதுகொண்டிருந்தேன். பெற்ற மகளின் குரலைக்கூட வீட்டுக்குள் விடாத இவரும் ஒரு அப்பாவா என்று இருந்தது. அக்காவை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. சொன்ன சொல்லை வீட்டுக்குள் வைத்துவிட்டு, அவரும் அவளோடு மழையில் போய் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கொரு மகள் பிறந்து, அவளும் என் பேச்சை மீறிப் போகும் வரைக்கும் தெரியவில்லை.