ஊசி எனக்கு, ருசி அவருக்கு

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. அதனால் டாக்டரம்மா சர்க்கரைக்கான ஊசியை எழுதிக் கொடுத்தபோது, வேறு யாருடைய சீட்டோ என் கைக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"சுகருக்கு வந்த மருந்துதாம்மா. பசியை அடக்கும், எடையும் குறையும். இந்த எடையை உங்க முட்டி ரொம்ப நாள் தாங்காது" என்றார். வாரம் ஒரு ஊசி. வாந்தி வருகிற மாதிரி இருக்கலாம், அதிகமானால் உடனே வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில், வீட்டின் முன்னறையிலேயே எனக்கு டிபன் கடை. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு ரயில் பிடிக்கிறவர்கள் காலையில் இட்லியும் வடகறியும் பார்சல் வாங்கிப் போவார்கள். என் வீட்டுக்காரருக்கு அங்கேயே ஒரு கம்பெனியில் மதிய ஷிப்ட் என்பதால், காலையில் பார்சல் கட்டுவது அவர் வேலை.

ஊசி பேனா மாதிரி இருந்தது. ஃபிரிட்ஜில் மாவுத் தூக்குக்குப் பக்கத்தில் வைத்தோம். முதல் ஊசியை வயிற்றில் போட்டுக்கொண்டபோது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"போட்டுட்டியாமே?"

"அது அப்பவே ஆச்சு. திரும்புய்யா."

சில வாரங்களில் பசி என்பதே மறந்துபோனது. அரை இட்லிக்கு மேல் இறங்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. வெங்காயமும் சோம்பும் எண்ணெயில் வதங்கும் வாசனை வந்தாலே வயிறு புரட்டியது. எப்போதும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துத்தான் வடகறியை இறக்குவேன். இப்போது மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, குத்துமதிப்பாக உப்பு போட்டு இறக்கினேன்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி தினமும் வருவாள். ஒருநாள் பார்சலை வாங்காமல் நின்றாள்.

"இன்னாக்கா, நேத்து வடகறில உப்பே இல்ல. அதுக்கு முந்தின நாளு வாயில வைக்க முடியல, அவ்ளோ உப்பு. இன்னா ஆச்சி உனுக்கு?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் வடகறியை ஊற்றி வீட்டுக்காரரிடம் நீட்டினேன். இத்தனை வருஷமாக எதை வைத்தாலும் "நல்லா கீது" என்று எழுந்து போகிறவர் அவர். அவரிடம் கேட்பதும் சுவரிடம் கேட்பதும் எனக்கு ஒன்றுதான். ஆனாலும் வேறு ஆள் இல்லை.

அவர் ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடினார். "உப்பு சரியா கீது. சோம்பு கொஞ்சம் தூக்கலு. பட்டைய இன்னும் ஒரு துண்டு போட்டிருக்கலாம்."

நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். "இதெல்லாம் உனக்குத் தெரியுமாய்யா? இவ்ளோ நாளா ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே."

மறுநாளிலிருந்து அடுப்படியில் அவர் ஆட்சி. பொங்கலில் ஒரு கரண்டி, வடகறியில் ஒரு கிண்ணம், சட்னிக்குத் துணையாக இரண்டு இட்லி. முதல் தடவை சரியாகத் தெரியவில்லை என்று மறுபடியும் ஒரு கிண்ணம். வியாபாரம் கூடியது. "கை மாறிச்சாக்கா? சூப்பரா கீது" என்று அந்தத் தையல்காரப் பெண்ணே சொன்னபோது, சந்தோஷத்தோடு கொஞ்சம் பொறாமையும் வந்ததை மறைக்க மாட்டேன்.

என் ரவிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்தேன். காய் நறுக்க நாற்காலி தேடாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார முடிந்தது. அவருக்கோ கம்பெனி யூனிபார்ம் பேண்ட்டின் பட்டன் ஒருநாள் ஷிப்டுக்குக் கிளம்பும்போது தெறித்து அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் விழுந்தது. இருவரும் குனிந்து தேடினோம். நான்தான் சுலபமாகக் குனிந்து எடுத்தேன்.

அடுத்த முறை டாக்டரம்மாவைப் பார்க்க அவரையும் இழுத்துப் போனேன். புரட்டலுக்காக டாக்டரம்மா என் மருந்து அளவைக் குறைத்தார். பிறகு என் வீட்டுக்காரருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"சுகர் இன்னும் வரலை, ஆனா வாசல்ல நிக்குது. தினமும் என்ன சாப்பிடறீங்க?"

"நான் எங்க டாக்டர் சாப்பிடறேன், டேஸ்ட்தான் பாக்கறேன்" என்றார். டாக்டரம்மா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "அந்த ஊசிய எனக்கும் போட்டுடுங்களேன்" என்று அவர் கேட்டதற்கு, "உங்களுக்கு இப்போதைக்கு அது வேண்டாம். கிண்ணத்தைக் கீழே வைங்க, நடங்க" என்றார்.

அளவு குறைந்ததும் எனக்கு வாசனைகள் பழையபடி பிடித்துப்போயின. இப்போது இட்லி இரண்டு சாப்பிடுகிறேன், அதற்கு மேல் மனசு கேட்பதில்லை. உப்பு நான் பார்க்கிறேன், மசாலா அவர் பார்க்கிறார், அதுவும் டீஸ்பூனால் மட்டும். காலையில் கடை முடிந்ததும் இருவரும் தண்டவாளத்தை ஒட்டிய ரோட்டில் நடக்கிறோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டு நடந்ததில்லை.