ஆட்டுக்குச் சொன்ன பேச்சு

நேருக்கு நேர் நின்று திட்டுவது யாருக்கும் வரும். பஸ் கண்டக்டருக்கு வரும், தெருநாய்க்கும் வரும். சாடை பேசுவது அப்படியில்லை. எதிராளியின் பெயர் வாயில் வரக் கூடாது. கண் அந்தப் பக்கம் போகக் கூடாது. கையில் தழையை வைத்துக்கொண்டு ஆட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆடு பாட்டுக்குத் தழையைத் தின்ன வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்குச் சோறு இறங்கக் கூடாது. எங்கள் தெருவில் அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள் என் ஓர்ப்படி, என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. அண்ணனும் தம்பியும் இருந்த ஒரே வீட்டை நடுவில் அடைத்து, கொல்லையிலும் நெஞ்சளவுக்கு ஒரு சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சுவர் இருக்கிறது. நான் சேவுகம்பட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவள் பழனிக்கு அந்தப் பக்கம், நெய்க்காரப்பட்டிக்காரி. வாங்க, போங்க என்று வெல்லப்பாகு மாதிரி இழுத்துப் பேசுவாள். அந்தப் பாகுக்குள் எத்தனை ஊசி கிடக்கும் என்று ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்களுக்குள் பேச்சு நின்றது அவள் மகனுக்குப் பழனியில் முதல் மொட்டை போட்டபோது. மூத்தவள் நான். என் வாசலுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, அக்கா நீங்க வரோணும் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் புருஷனிடம் சொல்லி, அவர் வரப்பில் வைத்து என் வீட்டுக்காரரிடம் சொல்லி, இவர் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார். அப்படிக் கை மாறிக் கை மாறி வந்த அழைப்புக்கு நான் போவேனா? இவர் போனார். மூக்குமுட்டத் தின்றுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு திரும்பி வந்து, சாப்பாடு நன்றாக இருந்தது என்று வேறு சொன்னார். அவருக்குச் சோறு எங்கேயோ சொந்தம் அங்கே. அவள் பஞ்சாமிர்த டப்பாவைக் கொண்டுவந்து கொல்லைச் சுவரின் மேல் வைத்துவிட்டுப் போனாள். கையில் கொடுக்கவில்லை, சுவரில் வைத்தாள். நானும் எடுக்கவில்லை. எறும்பு எடுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து நான் ஆட்டிடம் பேசினேன், அவள் கோழியிடம் பேசினாள். என் பக்கம் எத்தனையோ ஆடுகள் விலைபோய் வேறு ஆடுகள் வந்தன. அவள் பக்கம் கோழிகள் குழம்பாகிப் போயின. பேச்சு மட்டும் அறுந்ததில்லை. "சில பேருக்குச் சோத்துக்கு வெஞ்சனம் இல்லாட்டியும் கொண்டையில பூவுக்குக் கொறச்சலில்ல" என்று நான் ஆட்டிடம் சொன்னால், பொழுது சாய்வதற்குள் அவளுடைய கோழிக்குப் பதில் போய்விடும்: "சில பேருக்குப் பூ வெச்சாலும் எடுபடாதுங்க, கோழி." கோழிக்கு மரியாதை வேறு.

என் மருமகள் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளும் சாடை பேசுகிறாள், செல்போனில். ஒரு ரோசாப்பூ படத்தைப் போட்டு, சிலர் மாறவே மாட்டார்கள் என்று அதன் கீழே எழுதி ஸ்டேட்டஸ் வைக்கிறாள். யாருக்கு வைத்தாய் என்று கேட்டால் பொதுவாக வைத்தேன் என்கிறாள். பொதுவாகச் சொல்வதற்குப் பெயர் சாடையா? அது தைக்க வேண்டியவளுக்குத் தைக்க வேண்டும். விதை மாதிரி ஊர் முழுக்கத் தூவக் கூடாது. எனக்குத்தான் வைத்தாளோ என்று ஒரு நாள் போனை வாங்கிப் பார்த்தேன். நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பூ மாறி வேறு யாரோ கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள்தான் என்னை ஒரு நாள் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வயதானவர்கள் வேண்டாத பழக்கங்களை விட்டுவிட்டு வாழ்க்கையில் வளர்வது எப்படி என்று ஒரு ஆள் மைக்கில் பேசினான். என் வெற்றிலையை விடவைப்பதுதான் மருமகளின் திட்டம். அவன் ஓட்டப்பந்தயத்துக்குப் புறப்பட்டவன் மாதிரி பூட்ஸ் போட்டுக்கொண்டு மேடையில் அங்கும் இங்கும் நடந்தான். பழைய மூட்டையை இறக்கி வையுங்கள் என்றான். கத்தரிக்காய்க் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினவள் நான். மூட்டை என்றால் என்ன என்று அவன் எனக்குச் சொல்கிறான். பிறகு ஆளுக்கொரு பலூனைக் கொடுத்து, கெட்ட பழக்கத்தை மனதில் நினைத்து ஊதி, கையை விட்டுவிடுங்கள் என்றான். மண்டபம் பூராவும் கிழடுகள் தம் பிடித்து ஊதி, இருமி, விட்டார்கள். பலூன்கள் புர்ரென்று போய் ஃபேனில் அடிபட்டு விழுந்தன. வாழ்க்கையில் வளர்ந்துவிட்டோம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஊதவில்லை. என் மூச்சு எனக்கு வேண்டும். வெளியே வந்து முதல் வேலையாக ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டேன். பஸ் வரும்வரை மருமகள் என் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கும் ரோசாப்பூ வந்திருக்கும்.

அப்போது எனக்கு வேறு கவலை இருந்தது. ஓர்ப்படி பதில் சொல்வதை நிறுத்தியிருந்தாள். முதலில் வாயடைத்துப் போனாள் என்று நினைத்து ஒரு வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். பிறகு சாப்பாடு ருசிக்கவில்லை. எதைச் சொன்னாலும் அவள் பாட்டுக்குக் கீரை ஆய்வாள், துணி காயப்போடுவாள். முகத்தில் ஒரு சுளிப்புக் கிடையாது. இது என்ன புதுத் திமிர் என்று நானும் நாளுக்கு நாள் கூர் தீட்டினேன். அவள் பிறந்த வீட்டை இழுத்தேன். அவள் வைக்கும் புளிக்குழம்பை இழுத்தேன். அதற்கு முன்னால் புளிக்குழம்பைச் சொன்னால் செத்த நேரம் பொறுக்க மாட்டாள், பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். இப்போது அதுவும் இல்லை. என்னை இப்படி ஒருத்தி ஒன்றுமில்லாமல் ஆக்கியது அதற்கு முன் நடந்ததில்லை.

ஒரு காலையில் அவள் அடுப்படிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உள்ளே குக்கர் விசில் அடித்தது. திரும்பவும் அடித்தது. ஓயாமல் அடித்தது. அவள் கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். பருப்புக் கருகும் வாடை என் பக்கம் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்குத் திமிர் இல்லை. காது இல்லை.

ஒரு தேங்காய் மட்டையை எடுத்துச் சுவருக்கு மேலாக எறிந்தேன். கோழி துள்ளியது. கோழி துள்ளியதைப் பார்த்து அவள் திரும்பினாள், வாடை பிடித்தாள், உள்ளே ஓடினாள். திரும்பி வந்து மட்டையைக் கையில் எடுத்து, "இப்ப எறியற அளவுக்கு ஆயிப்போச்சுங்க, கோழி" என்றாள். தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

இத்தனை மாதமாக நான் தீட்டித் தீட்டிச் சொன்னது அம்புட்டும் ஆட்டுக்குத்தான் போயிருக்கிறது. அந்த ஆட்டுக்கு ரோசம் இருந்திருந்தால் அறுத்துக்கொண்டு ஓடியிருக்கும்.

அதற்கப்புறம் அவள் மகன் வந்தான், பழனியில் மொட்டை போட்டானே அவன்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று அவன் கத்தியது தெருவுக்கே கேட்டது. காது கேட்காதவளைத் தனியாக விட முடியாதாம். ஞாயிற்றுக்கிழமை வேன் கொண்டுவருகிறானாம். இந்த வீட்டை வாடகைக்கு விட ஆள் பார்த்துவிட்டானாம். சாமான் ஏற்ற வருகிறவர்களுக்குக் கோழியை அடித்துக் குழம்பு வைத்துவிடச் சொன்னான். அவளுக்கு வர விருப்பமா என்று மட்டும் கேட்கவில்லை. அதைக் கேட்பதற்கு அவ்வளவு கத்த வேண்டியதும் இல்லை.

அவன் போன பிறகு அவள் கோழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அங்கெல்லாம் மாடியில ரூமுங்க. உங்களைய எங்க வெக்கறது? என்னையவே எங்க வெப்பானோ" என்றாள்.

அது எனக்குச் சொன்னது இல்லை. இத்தனை வருசத்தில் முதல் தடவையாக அவள் கோழியிடம்தான் பேசினாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் மேல் உள்ள பாசம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கு எவனோ ஒருவன் குடிவந்து அந்தக் கொல்லையில் பைக் கழுவுவான். அவனுக்குச் சாடை புரியுமா? அவனைத் திட்டத்தான் முடியுமா? அப்புறம் அந்தச் சுவருக்கு அங்கே என்ன வேலை? எனக்குத்தான் என்ன வேலை?

சனிக்கிழமை ஆட்டை அவிழ்த்துச் சுவரோரமாகக் கட்டினேன். "போக மனசில்லாதவக வாயத் தொறந்து சொல்லணும், ஆடே. பக்கத்துல ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்காள்ல" என்றேன். அவள் திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். அதற்கும் மேலே தொண்டை கட்டும் அளவுக்குச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்து, ஆட்டுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனாள். நான் கட்டிக் காத்த வித்தை அன்றைக்கு அந்த லட்சணத்துக்கு வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. கட்டிலை ஏற்றினார்கள். கோழி காலில் கயிற்றோடு மூலையில் கிடந்தது. அவள் முடிந்து வைத்த துணி மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் என் வாசலில் இறங்கி, தெருவைச் சுற்றிக்கொண்டு, அவள் வாசற்படி ஏறினேன். மொட்டைக்குப் பிறகு என் கால் அங்கே பட்டதில்லை. வாயசைவு தெரியட்டும் என்று நேர் எதிரே போய் நின்றேன்.

"இந்தா, இங்கிட்டுப் பாரு. நீ எங்கயும் போக வேணாம். இங்கனயே இரு. மூத்தவ நான், ஒன் மூஞ்சியப் பாத்துச் சொல்றேன்."

வேனில் கயிறு கட்டிக்கொண்டிருந்த அவள் மகன் கயிற்றை விட்டுவிட்டு வந்தான். "பெரியம்மா, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையே. அம்மாவ எப்படிப் பாத்துக்குவீங்க?"

"பேசுனாத்தான் பாத்துக்க முடியுமாக்கும்? நீயும் ஒம் பொண்டாட்டியும் விடிய வேலைக்குப் போனா இருட்டித்தான வாரீக. அதுவரைக்கும் அங்க இவளுக்கு யாரு, செவுரா? செவுருதான்னா இங்கயே ஒண்ணு இருக்கு. இங்க அதுக்குப் பின்னாடி ஆளும் இருக்கு."

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, மூலையில் கால் கட்டிக் கிடந்த கோழியைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா கோழி. மொறையாக் கூப்புடறவங்க வெறுங்கையோடயா வருவாங்க?"

காது செத்தும் கொழுப்புச் சாகவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அவள் சொன்னது முறை. முறையை நான் மறுக்க முடியாது. இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, இருந்த வெற்றிலையையும் பாக்கையும் எடுத்து அவள் கையில் வைத்தேன். சுவரில் வைக்கவில்லை, கையில் வைத்தேன். வெற்றிலையை விடச் சொன்ன அந்தப் பூட்ஸ்காரனை நினைத்துக்கொண்டேன். அவன் பேச்சைக் கேட்டு விட்டிருந்தால் அன்றைக்கு எதைக் கொடுத்திருப்பேன், பலூனையா?

அவள் வாங்கி, காம்பைக் கிள்ளி, பாக்கை வைத்து மடித்து, என் முன்னாலேயே மென்றாள். பிறகு குனிந்து கோழியின் கால் கயிற்றை அவிழ்த்தாள். மகன் முனகிக்கொண்டே கட்டிலை இறக்கினான். குழம்பில்லாமல் போகிறோமே என்ற வருத்தம்தான் வேன்காரர்கள் முகத்தில் இருந்தது.

இப்போது தினமும் நான் அந்தப் பக்கம் போகிறேன். குக்கரை நிறுத்தக் கற்றுக்கொடுப்பதே பெரும்பாடாக இருக்கிறது. மகன் காதுக்கு ஒரு மெஷின் வாங்கி அனுப்பினான். வண்டு மாதிரி இரைகிறது என்று அதை அரிசிப் பானையில் போட்டு வைத்திருக்கிறாள். அதனால் புளிக்குழம்பு வாயில் வைக்க முடியவில்லை என்பதைக்கூட எதிரே உட்கார்ந்து கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மிளகாயை அரைக்காமல் அப்படியே கடித்துத் தின்கிற மாதிரி இருக்கிறது. இதில் என்ன நயம் இருக்கிறது? எல்லாம் அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்த பலன் என்று மருமகள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். சொல்லட்டும், அவளுக்கும் பெருமைப்பட ஏதாவது வேண்டுமே.

ஆட்டிடம் பேசுவதை நான் விட்டுவிட்டேன். ஆடு அதற்காக இளைத்துவிடவில்லை. ஓர்ப்படிதான் இன்னும் விடவில்லை. முகத்துக்கு நேரே நான் சொல்வதற்கெல்லாம் கோழியைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறாள். என்னைவிட இளையவள்தானே, அவளுக்கு இன்னும் வயது இருக்கிறது. மெதுவாக விடட்டும்.