பூக்கோவா அடைத்த குடல்

ஆட்டுக்குடலைக் கழுவி, ஊறவைத்த அரிசியும் கொத்திய ஈரலும் மிளகும் அடைத்து அவிப்பதில் குருநகரில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை என்று பெரியப்பாவே சொல்லித் திரிவார். நத்தாரன்று, கிறிஸ்மஸ் காலையில், முதல் தட்டு அவர் வீட்டுக்குத்தான் போகும். யுத்தகாலத்தில் ஒரு மீன்வலைப் பங்கைப் பற்றிய தகராறில் அவருக்கும் அப்பாவுக்கும் கதைபேச்சு நின்றுபோனது. எங்கள் பக்கத்தில் இதற்கொரு வழி இருந்தது. நத்தார்த் தட்டு போய்ச் சேர்ந்தபின் இளையவர் போய்த் தமையனுக்கு வாழ்த்துச் சொன்னால், கோபம் அதோடு சரி. அம்மா அதைத்தான் நம்பியிருந்தார்.

ஆனால் அந்த வருஷம் கூப்பனுக்கு அளந்து கொடுத்த அரிசி கஞ்சிக்கே காணாது. நுவரெலியாவில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்த பூக்கோவாவை, காலிஃபிளவரை, அம்மா அரிசி அளவுக்குப் பொடியாகக் கொத்தினார். அரிசி வெந்து பருத்தால் குடல் வெடித்துவிடும் என்று எப்போதும் இடம் விட்டுத்தான் அடைப்பார். பழகிய கை அன்றைக்கும் இடம் விட்டது. பூக்கோவா எங்கே பருக்கப்போகிறது? தண்ணீரை விட்டுச் சுருங்கியது. மூடியைத் திறந்தால் குடல் சூம்பிப்போய்க் கிடந்தது.

"ருசி பிழையில்லை. அவருக்கு விளங்கும்" என்று அம்மா வாழையிலையால் மூடிக்கொண்டு புறப்பட்டார். நானும் கூடப் போனேன்.

பெரியப்பா இலையை நீக்கிப் பார்த்தார். "வெறுங்குடலையோ தம்பி எனக்கு அனுப்பியிருக்கிறான்?"

அம்மா விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தட்டோடு உள்ளே போய்விட்டார்.

அம்மா வீட்டுக்கு வந்து அதை அப்படியே அப்பாவிடம் சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமைதான்.

"தட்டை வாங்கிப்போட்டார்தானே. ஒருக்காப் போட்டு வாங்கோவன்" என்று அம்மா கெஞ்சிப் பார்த்தார்.

"என்னை இளப்பமாக் கதைச்சவரின்ரை படலைக்கு நான் போகமாட்டன்."

ஓர் ஒழுங்கை தள்ளி, அடுத்த தெருவில்தான் அந்த வாசற்படலை. இந்த ஆண்களின் வீம்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். பாஸ்கு வரும் முன்னமே, ஈஸ்டரைக் காணாமலே, பெரியப்பா காய்ச்சலில் கிடந்து செத்துப்போனார். சுகமில்லை என்று எங்களுக்குச் சொல்லியனுப்பக்கூட அவர் விடவில்லையாம்.

செத்தவீட்டில் பெரியம்மா அப்பாவைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தம்பி, அவர் அதை ஒரு துண்டும் மிச்சம் விடாமல் திண்டவர். அரிசி இல்லாத நேரத்திலையும் எனக்கெண்டு செய்திருக்கினம் எண்டவர். நீர் வருவீரெண்டு பொழுதுபடுமட்டும் வாசலிலை கதிரை போட்டு இருந்தவர்."

அப்பா பெட்டியின் கால்மாட்டில் போய் நின்று, "அண்ணை, நான் வந்திருக்கிறன்" என்றார்.